கத்தி உறையில் தங்கிப்போன தீபம்

வியர்வையும் தேங்காய் எண்ணெயும் ஊறிய தோல் வாசனை... என் மேஜை இழுப்பறையைத் திறந்தால் இன்றும் முதலில் அதுதான் எழுந்து வரும்.

உள்ளே ஒரு மடக்குக் கத்தி. திருவண்ணாமலை தேரடித் தெருவில் வாங்கியது. தீட்டித் தீட்டி அலகு ஒல்லியாகிவிட்டது. மரப்பிடியில் என் கட்டைவிரல் படும் இடம் மட்டும் வழவழவென்று இருக்கும்.

பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் தோல் உறையைத் தைத்துக் கொடுத்தவர் பஸ் ஸ்டாண்டு வாசலில் செருப்பு தைத்தவர். உறையின் பக்கத்திலேயே ஒரு பிலிம் ரோல் அடங்கும் அளவுக்குச் சின்னப் பை ஒன்றும் வைத்துத் தைத்தார். அது நாகராஜனின் யோசனை.

நாகராஜன் போட்டோகிராபர். என் வயதுதான். பத்திரிகைக்கு நான் செய்தி எழுத, அவன் படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு படம் எடுப்பான்.

"கூட்டத்துல சட்டப் பாக்கெட்ட நம்பாதய்யா. இடுப்புல இருந்தா எங்கயும் போவாது" என்றான்.

அப்போதெல்லாம் படம் எடுத்த ரோலைக் கவரில் போட்டு, சணல் கட்டி, வேலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். அங்கே அலுவலக ஆள் வந்து வாங்கிக்கொள்வார். சணலை அறுக்க, பென்சில் சீவ, எல்லாவற்றுக்கும் இந்தக் கத்திதான்.

நாகராஜனிடம் ஒரு பழக்கம். கத்தியைக் கையில் வாங்க மாட்டான். "கீழ வை, எடுத்துக்கறேன்" என்பான். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். பஸ் படியில் வைப்பேன், சைக்கிள் சீட்டில் வைப்பேன். ஒருமுறை வேறு இடமில்லாமல் டீக்கடை பன் தட்டில் வைத்துவிட்டு, கடைக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த வருடக் கார்த்திகை தீபம்... வேலையில் சேர்ந்து எனக்கு நாலு மாதம். இன்னும் நிரந்தரமாகவில்லை. கீழ்பென்னாத்தூர் செய்தி ஒன்றில் ஊர்ப்பெயரை மாற்றிக் கொடுத்து ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வாங்கியிருந்தேன். இன்னொரு தப்பு நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

மாலை ஆறு மணி. ஒரு லாட்ஜ் மொட்டை மாடியில் ஸ்டாண்டு போட்டுக் காத்திருந்தோம். மலை உச்சியில் தீபம் ஏறியது. ஊரே "அரோகரா" என்று ஒரே குரலில் எழுந்தது. நாகராஜன் நிதானமாக எடுத்து முடித்தான். ரோலைக் கழற்றி, தன் கையாலேயே என் உறைப் பைக்குள் வைத்தான். புது ரோல் ஒன்றையும் கொடுத்தான். அதை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தீபத்துக்காக பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். கூட்டத்தில் நீந்திப் போய்ச் சேர்ந்தபோது வேலூர் பஸ் நகர ஆரம்பித்திருந்தது.

"சீக்கிரம் சார், விசில் குடுத்துட்டேன்" என்று கண்டக்டர் கத்தினார்.

நான் பதற்றத்தில் சட்டைப் பையிலிருந்து ரோலை எடுத்துக் கவரில் போட்டேன். நாகராஜன் சணலைச் சுற்றிவிட்டுக் கையை நீட்டினான். கீழே வைக்க ஏது நேரம்? கத்தியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

பஸ் போனதும் சிரித்தான். "போச்சு. கையில குடுத்துட்ட. இன்னிக்கு நமக்குள்ள சண்டதான்."

எஸ்.டி.டி. பூத்தில் ஸ்டூல் மேல் உட்கார்ந்து செய்தியைச் சொல்லி முடித்தேன். எழுந்திருக்கும்போது இடுப்பில் ஏதோ அழுத்தியது... தொட்டுப் பார்த்தேன். தீபம் என் இடுப்பில் இருந்தது. வேலூருக்குப் போய்க்கொண்டிருந்தது வெறும் ரோல்.

அடுத்த பஸ்ஸில் அனுப்பினால் பக்கம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரும்.

வெளியே நின்றிருந்த நாகராஜனிடம் ரோலை எடுத்துக் காட்டினேன். அவன் ரோலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பூத்துக்குள் போய் அலுவலகத்துக்கு நம்பரைச் சுழற்றினான்.

"சார், ரோல் கேமராவுல சரியா மாட்டல. சுத்தவே இல்ல. உங்களுக்கு வர்றது வெறும் ரோல்தான்... ஆமா சார், என் தப்புதான்."

எதிர்முனையில் திட்டுவது எனக்கே கேட்டது. போட்டோகிராபருக்கு அதைவிட அவமானமான தப்பு கிடையாது.

வெளியே வந்து, "எனக்கு ஒரு கேமரா இருக்குது, பொழச்சிக்குவேன். உனக்கு அந்த வேலதான இருக்குது? டீ வாங்கிக் குடு" என்றான்.

பொங்கல் வரைக்கும் அலுவலகம் அவனைக் கூப்பிடவில்லை. கல்யாணங்களுக்குப் படம் எடுக்கப் போனான். கேட்டால், "கண்ணாலத்துல எல போட்டு சோறு போடறாங்க. உங்க ஆபீஸ்ல இன்னா போட்டாங்க?" என்பான்.

என் வேலை நிலைத்தது. அதே வேலையில் ஓய்வும் பெற்றேன்.

தப்பாகச் செய்தி வந்தால் மறுநாள் திருத்தம் போட வேண்டும். ஆயுள் முழுக்க ஊருக்குத் திருத்தம் எழுதிய நான் இந்த ஒன்றை மட்டும் போடவில்லை. இப்போது போடுகிறேன். அன்று ரோல் சரியாகத்தான் மாட்டியிருந்தது. தப்பு என்னுடையது. அந்த ரோலைப் பிறகு அவன் கழுவிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். எந்தப் பேப்பரிலும் வராத அந்தப் படம் எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது.

இப்போது தீபம் ஏறி முடிப்பதற்குள் படம் போன் வழியாக உலகமெல்லாம் போய்விடுகிறது. நல்லதுதான்... யாரும் பஸ் பின்னால் ஓட வேண்டாம். கத்தியும் வெளியே போவதில்லை. வீட்டில் கொய்யா நறுக்குகிறது.

போன வாரம் நாகராஜன் வந்திருந்தான். இதை எழுதப்போகிறேன் என்றேன்.

"இப்ப எதுக்குய்யா? திட்டுன ஆளே எப்பவோ ரிட்டையர் ஆயிட்டாரு."

கொய்யாத் தட்டோடு வந்து உட்கார்ந்தேன். பழக்கம் போகவில்லை, கத்தியை உறையிலிருந்து எடுத்துத் தட்டில் வைக்கப் போனேன். அவன் கையை நீட்டினான்.

"கையிலயே குடு. அன்னிக்குக் குடுத்தியே, இன்னா சண்ட வந்துச்சு?"

கொடுத்தேன்.