நான்கு புகைபோக்கி, ஒரே கணப்பு

கெசையா தர்லோவின் வீட்டைப் பார்க்கவென்றே வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். பண்ணை முதலாளி சர் எவரார்டு தன் ஆட்களுக்காகக் கட்டிய பன்னிரண்டு வீடுகளில் அது முதலாவது. அவருடைய மாளிகைக்குப் போகும் சாலைத் திருப்பத்திலேயே நிற்கும். கூரையின் மேல் முறுக்கு முறுக்காக நான்கு செங்கல் புகைபோக்கிகள். ஜன்னல்களில் உள்ளங்கையளவு சாய்சதுரக் கண்ணாடிகள். அந்த வெளிச்சத்தில் பட்டப்பகலிலும் ஊசி கோக்க முடியாது. வரைபடம் போட்ட மனிதன் ஒரே ஒரு குளிர்கால இரவு அங்கே படுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு ஜனவரியில் கெசையாவின் ஆறு வயது மகள் லெட்டிக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அவள் படுக்கும் மாடியறையில் குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பு இல்லை, சுவரெல்லாம் ஈரம். நேர் மேலே புகைபோக்கி இருக்கும்போது கீழே அதற்கு வழி இல்லாமலா போகும் என்று கெசையாவின் கணவன் ஏபெல் சுவரை இடித்தான். ஒரு முழம் இடித்தும் கெட்டிச் செங்கல்தான் வந்தது.

"பொய்டி," என்று சுத்தியலைக் கீழே போட்டான். "கீழ எரியுற கணப்புக்கு ஒண்ணு. மத்த மூணும் சும்மா ஷோக்குக்கு வெச்சிருக்கானுங்க."

பார்க்கிற கண்ணுக்கு நான்கு, நடுங்குகிற உடம்புக்கு ஒன்று! இது என்ன நியாயம்? கெசையா அன்றே மகளின் கட்டிலைக் கணப்பு எரியும் முன்னறைக்கு இறக்கினாள். மூன்றாம் நாள் பண்ணை மேலாளர் பார்ஜிட்டர் வந்து நின்றார்.

"என்னம்மா இது? கட்டில் ரோட்டுக்குத் தெரியுது."

"புள்ளைக்கு மூச்சு இழுக்குதுங்க. சூடு இருக்குறது இந்த ஒரு ரூம்லதான்."

"ஞாயித்துக்கெழம மாளிகைக்கு விருந்தாளிங்க வர்றாங்க. மேல தூக்கிப் போடு."

"மேல புகைபோக்கிதாங்க இருக்கு. கணப்பு இல்லீங்களே."

"அது அழகுக்கு வெச்சது."

"உள்ள படுத்திருக்குறவளுக்கு அந்த அழகு தெரியாதுங்களே ஐயா."

"வாய் ரொம்ப நீளுது. திரையையாவது இழுத்து மூடி வை."

ஞாயிற்றுக்கிழமை கெசையா திரையைக் கழற்றி, இரண்டாக மடித்து லெட்டிக்குப் போர்த்திவிட்டாள். வண்டிகள் நின்றன. புகைபோக்கிகளை அண்ணாந்து ரசித்த ஒரு சீமாட்டி, ஜன்னலுக்குள் இருமுகிற குழந்தையைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சர் எவரார்டின் காது சிவந்துபோனது.

மார்ச்சில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. சுவரை இடித்ததுதான் குற்றமாம். வீட்டோடு ஏபெலின் வேலையும் போயிற்று. இதைச் செய்தவர்கள் அந்த வாரமும் தேவாலயத்தில் முன்வரிசையில்தான் உட்கார்ந்தார்கள்.

சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். லெட்டி எழுந்து நடக்கிற அளவுக்குத் தேறியிருந்தாள். அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். பக்கத்து வீட்டு டார்க்கஸ் வேலியோரம் நின்று கண்ணைத் துடைத்தாள்.

"இவ்ளோ அழகான வீட்ட விட்டுட்டுப் போறியேடி!"

"பாக்குறவங்களுக்குன்னு கட்டின வீடுதானேக்கா," என்றாள் கெசையா. "பாக்குறவங்களே வந்து குடியிருக்கட்டும்."