துரையின் கடிகாரமும் தனலெட்சுமி அத்தையின் கணக்கும்

எங்கள் குடும்ப ஏட்டில் ஆதாரம் பார்க்காமல் நான் எந்த வரியையும் ஏற்றுவதில்லை. பிறப்புச் சான்றிதழோ, திருமணப் பதிவோ, வேலைக் கடிதமோ கண்ணால் கண்ட பிறகே எழுதுவேன். அந்த ஒழுங்கிலிருந்து ஓரிடத்தில் தவறினேன். 2009இல் முதல் பதிப்பு அச்சேறியபோது, என் தந்தையின் தங்கை தனலெட்சுமியின் பெயருக்கு நேரே ‘தொழில்: இல்லத்தரசி’ என்று போட்டிருந்தேன். படிவத்தை நிரப்பி அனுப்பியவர் அவருடைய கணவர். அத்தையிடம் நான் கேட்கவில்லை.

எட்டு ஆண்டுகள் அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 2017இல் குளுவாங்கில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு நாளிதழ்ப் பக்கத்தை என் முன்னால் வைத்தார். அமெரிக்கா விண்வெளிக்கு மனிதரை அனுப்பத் தொடங்கிய காலத்தில் விண்கலங்களின் பாதையைக் கணக்கிட்டுக் கொடுத்த கறுப்பினப் பெண்களைப் பற்றி, அவர்களின் படத்துடன் வந்த கட்டுரை அது. அவர்களுள் பலரை உலகம் அறிய அரை நூற்றாண்டு ஆயிற்று என்று எழுதியிருந்தது.

"நானும் இந்த மாதிரி வேலதான் செஞ்சேன் சுகு. உன் புக்குல அந்த ஒரு வார்த்தைய மாத்திடு."

அன்று அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். 1961இல், பத்தொன்பது வயதில், குளுவாங்கின் நில அளவை அலுவலகம் ஒன்றில் கணக்கிடும் பணிக்குச் சேர்ந்தார். தோட்டங்களின் எல்லை அளவுகளைச் சரிப்படுத்துவதுதான் அவருக்கு இட்ட வேலை. ஆனால் அலுவலகத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு இன்னோர் ஈடுபாடு இருந்தது. அந்தியில் வானைக் கடக்கும் செயற்கைக்கோள்களை அளவைக் கருவியால் குறிபார்த்து, கோணத்தையும் நேரத்தையும் எழுதிவைப்பார். அவற்றைக் கொண்டு அந்தச் செயற்கைக்கோள் விண்ணில் நின்ற இடத்தைக் கணக்கிடுவது அத்தையின் பொறுப்பு. மடக்கை அட்டவணையும் கையால் சுற்றும் கணக்குப் பொறியும்தான் துணை. ஒரு கணக்குக்கு நான்கு மணி நேரம் ஆகும். முடிந்த தாளில் துரை கையெழுத்திட்டு அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்புவார். கணக்கிட்டவரின் பெயருக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது.

"அங்கேருந்து சரிபார்த்துத் திருப்பி அனுப்புவாங்க. சரிபார்த்தவங்க பேருக்கு ஓரத்துல பென்சில்ல ரெண்டு எழுத்து மட்டும் இருக்கும். அது யாரா இருக்கும்னு நெனைச்சுக்குவேன். இந்தப் படத்துல இருக்கிற மாதிரி ஒரு பொம்பளையோ என்னமோ."

"தாள் ஏதாச்சும் இருக்கா அத்தை? ஒரு சம்பளச் சீட்டு இருந்தாக்கூடப் போதும்."

"நான் பொய்யா சொல்றேன்?"

"அப்படிச் சொல்லல. ஆதாரம் இல்லாம யாருக்கும் போட்டதில்ல. அப்பாவுக்கே போடல."

"உங்க மாமா எழுதிக் குடுத்தாரே, அதுக்கு என்ன ஆதாரம் பார்த்தே?"

ஆனாலும் தாளைத் தேடத்தான் புறப்பட்டேன்.

அந்த அலுவலகம் எப்போதோ மூடப்பட்டிருந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2022இல், யோங் பெங்கில் உணவகம் நடத்தும் சுப்ஹானிடம் ஒரு பழைய பதிவேடு இருப்பது தெரியவந்தது. அவருடைய தந்தை அங்கே எழுத்தராக இருந்தவர். பின்பக்கங்கள் வெறுமையாக இருந்ததால் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார். தவறிப்போன கணக்குகளைக் குறித்துவைக்கும் பிழைப் பதிவேடு அது. 14 மார்ச் 1963 என்ற தேதியின் கீழ் துரை அளந்த கோணங்கள், குறித்த நேரம், கணக்கின் படிகள், முடிவு பொருந்தவில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்த குறிப்பு எல்லாம் ஒட்டப்பட்டிருந்தன. அடியில் ஆங்கிலத்தில் நான்கு வரிகள்: ‘கணக்கிட்டவர் மிஸ் தனலெட்சுமி. இதுவரை 412 கணக்குகள். இது முதல் பிழை. பணியிலிருந்து நீக்கப்பட்டார்.’

வேலையை விட்ட காரணத்தை அத்தை என்னிடம் சொல்லியிருக்கவில்லை. படியெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார்.

"சரியாப் போட்டதுக்கெல்லாம் அவரு பேரு. தப்புன்னதும் என் பேரு."

"இனிமே போட்டுடலாம் அத்தை. ஆதாரம் கெடச்சிருச்சு."

"இதையும் சேர்த்துத்தானே போடுவே? தப்பு செஞ்சா, தொரத்திட்டாங்கன்னு?"

"ஆதாரத்த முழுசாத்தான் காட்டணும்."

"அப்போ இல்லத்தரசியாவே இருந்துட்டுப் போறேன், விடு."

தாளின் ஒரு வரியில் விரலை வைத்தார். "கணக்கு தப்புனா கண்ட எடத்துல போய் நிக்கும். இது பாதைய விட்டு மாறவே இல்ல பாரு. ஒரு நிமிஷம்தான் தள்ளி நிக்குது. அந்தத் தொர மனுஷன் நிமிஷ முள்ளத் தப்பாப் படிச்சிருக்காரு."

"அப்பவே சொல்லலியா?"

"சொன்னேன். தொரையோட கடிகாரம் தப்பாதுன்னுட்டாங்க. அதுக்கு மேல என்ன பேச?" பிறகு என்னை நேராகப் பார்த்தார். "நீ நம்புறியா?"

"செக் பண்ணிட்டு வரேன் அத்தை," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தேநீர் கொடுத்து அனுப்பினார்.

என் மனைவியின் தங்கை பிரேமலா கெலாங் பாத்தாவில் கணித ஆசிரியை. அவளிடம் அந்தத் தாளை ஒப்படைத்தேன். பள்ளித் தேர்வுகள், விடைத்தாள்கள் என்று நான்கு மாதங்கள் ஓடின. டிசம்பரில் தொலைபேசியில் அழைத்தாள்.

"அத்தான், மூணு தடவ போட்டுப் பார்த்துட்டேன். அவங்க கணக்குல ஒரு எடத்துலயும் தப்பு இல்ல. நேரத்த மட்டும் சரியா ஒரு நிமிஷம் மாத்துனா எல்லாம் பொருந்துது. அவங்க இருக்கும்போதே முடிச்சிருக்கணும். நான்தான் தள்ளிப் போட்டுட்டேன்."

அத்தை இறந்து அன்றைக்குப் பத்தொன்பது நாள். தள்ளிப் போட்டவள் பிரேமலா இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாம் பதிப்பு சென்ற ஆண்டு வந்தது. முதல் படியை அத்தையின் மகன் மூர்த்தியிடம் கொண்டுபோனேன். ‘தொழில்: கணக்கிடுபவர், நில அளவை அலுவலகம், குளுவாங், 1961–1963. 412 கணக்குகள். பிழை இல்லை’ என்ற பதிவையும், அதன் கீழே சான்றாக அச்சிட்டிருந்த பதிவேட்டுப் பக்கத்தையும், பிரேமலாவின் மறு கணக்கையும் அவன் பொறுமையாகப் படித்தான்.

"அம்மா இத என்கிட்டக்கூட சொன்னதில்ல மச்சான். உங்ககிட்டதான் சொல்லியிருக்காங்க." அத்தை ‘நீ நம்புறியா’ என்று கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அவனிடம் சொன்னேன். அவன் புத்தகத்தை மூடினான். "அன்னைக்கே நம்புறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு, அப்புறமா செக் பண்ணியிருக்கலாமே?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.