இருபத்தேழாம் பகுதியில் வந்தவர்

"அக்கா, அயர்ன் பாக்ஸ ஆஃப் பண்ணு."

கீழ்வீட்டுப் பல்செட்காரர் மாலையில் இப்படி மூன்று முறையாவது குரல் கொடுப்பார். முதல் இரண்டும் தையல் மிஷின் வைத்திருக்கும் அக்காவின் காதில் ஏறாது. மூன்றாவதற்கு, "உன் பெட்டி மூச்சு வாங்கற வரைக்கும் என் துணி காத்துக் கிடக்கணுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே சுவிட்சைத் தட்டுவார். அப்புறம்தான் தம்பி தன் பழைய கணினியின் டிரைவுக்குள் பிளாப்பியைத் தள்ளுவார். இஸ்திரிப் பெட்டி சூடேறினால் அந்த வீட்டில் மின்சாரம் ஒரு கணம் தள்ளாடும். அந்தக் கணத்தில் ஓர் அத்தியாயமே காணாமல் போனதுண்டு.

பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது இவர் தொழில். சாயங்காலம் ஆனால் துப்பறியும் நாவல். எழுதுவது, வாலிபத்தில் வாங்கிய வீட்டுக் கணினியில். கீபோர்டும் கணினியும் ஒரே உடம்பு. திரைக்குப் பழைய டிவி. அந்தக் கணினிக்குத் தமிழ் தெரியாது என்பதால் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக இவரே வரைந்து ஏற்றியிருக்கிறார். 'ழ' மட்டும் கொஞ்சம் கடைவாய்ப்பல் ஜாடை. கதையிலும் தொழில் புத்தி போகாது. வில்லனின் கண் எப்படி என்று சொல்லமாட்டார், முன்பல் இடைவெளியைச் சொல்லிவிடுவார்.

அந்தக் கணினியின் நினைவில் ஒரு நேரத்தில் பன்னிரண்டு பக்கம்தான் நிற்கும். அதற்குமேல் ஓர் எழுத்தைத் தட்டினாலும் 'இடமில்லை' என்று திரையின் அடியில் வந்துவிடும். உடனே பிளாப்பியில் சேமித்துவிட்டு, நினைவைத் துடைத்துவிட்டு, அடுத்த பகுதி. துரத்தல் பாதியில் நின்றாலும் நின்றதுதான். முன்னால் என்ன எழுதினோம் என்று பார்க்க, கையிலிருப்பதை இறக்கிவைத்துவிட்டுப் பழையதை ஏற்ற வேண்டும். அது ஏறுவதற்குள் ஒரு டீ போட்டுக் குடித்துவிடலாம். அதனால் இவர் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

மாடியில் குடியிருக்கும் எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஒரு லேப்டாப் வாங்கிடுங்களேன், முழுக் கதையும் ஒரே ஃபைலா இருக்குமே" என்றேன்.

"முழுசையும் ஒண்ணாப் பார்த்தா பயந்துடுவேன் சார், கை ஓடாது. பன்னெண்டு பக்கம்னா யார் வேணா எழுதிடலாம்."

இந்த ஏற்பாட்டில் விழும் ஓட்டைகளை அடைப்பவர் அக்கா. ஒரு பகுதி முடிந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்து, பட்டன் தைத்தபடியே படிப்பார். "டேய், போன வாரம் இவன் கார் வெள்ளை. இப்போ பச்சை. நடுவுல பெயின்ட் அடிச்சானா?" கை முறிந்தவன் அதே கையால் கதவை உடைத்ததைப் பிடித்தவரும் அவர்தான். அக்காவின் கண்ணுக்குத் தப்பிய பிழை இருக்க முடியாது என்பது தம்பியின் நம்பிக்கை.

நாவல் ஒருவழியாக முடிந்தது. பதிப்பாளர் மாதக் கடைசிக்குள் கேட்டிருந்தார். அதற்குமுன் என்னையும் படிக்கச் சொன்னார் பல்செட்காரர். தினமும் கீழே போய் டிவி முன் உட்கார்ந்தேன். மூன்றாம் பகுதியில் கடிகாரக் கடைக்காரர் கொலையாகிறார். இருபத்தேழாம் பகுதியில் அதே மனிதர் சாவகாசமாக வந்து, டீ வாங்கி, பேச்சு சுவாரசியத்தில் அதை ஆறவிட்டு, "ஆறிப்போச்சேப்பா" என்று குறைபட்டுக்கொண்டே குடிக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாவலிலேயே உயிருள்ள ஆள் இந்தச் செத்தவர்தான்.

விஷயத்தைச் சொன்னேன். பல்செட்காரரின் முகம் தொங்கிவிட்டது.

"அக்கா, இதை எப்படி விட்ட?"

அக்கா ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "விடல. பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் சொல்லல?"

"சொன்னா எடுத்துடுவ. டீயை ஆறவிட்டுட்டு ஊரைக் குறை சொல்றது வேற யாரு, உங்க மாமாதானே? போனதுக்கப்புறம் இப்பதான் பேசறாரு. பேசிட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்."

மாமா என்றது தன் கணவரை. நான் இங்கே குடிவருமுன்பே இறந்துவிட்டவர். பல்செட்காரர் திரையில் இருந்த தன் எழுத்தை யாரோ எழுதியதைப்போல மறுபடி படித்தார்.

சுலபமான வழி எங்கள் மூவருக்கும் தெரியும். இருபத்தேழில் அந்த ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது. கடிகாரக் கடைக்காரரைப் பிழைக்க வைப்பதென்றால் மூன்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பகுதியாக ஏற்றி, அவர் செத்ததைப் பற்றி யார் யார் பேசினார்களோ அத்தனையையும் தேடி மாற்ற வேண்டும். மாதக் கடைசிக்கு அதிக நாளும் இல்லை.

பல்செட்காரர் டிரைவிலிருந்த பிளாப்பியை உருவி உறையில் போட்டார். டப்பாவின் முன்வரிசையைத் துழாவி இன்னொன்றை எடுத்து, டிவி வெளிச்சத்தில் எண்ணைப் பார்த்துக்கொண்டார். மூன்று.

"கொலைதானே வேணும்? வீட்டு புரோக்கர் ஒருத்தன் கதை முழுக்க சும்மாதான் சுத்திட்டிருக்கான்" என்றார், பொதுவாக.

அடுத்து அவர் வாய் திறக்கும் முன்பே, காலரைப் பாதியில் விட்டுவிட்டு, அக்கா கையை நீட்டி இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.