லாரி நுழையாத சந்து

போன சித்திரையில் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன், வாசலில் நின்றால் சோறு குழைந்துவிடுமோ என்று உள்ளே ஓடுவேன். வீடு தேடுகிறவளுக்கு இருக்கிற வீடும் மனசில் ஒட்டாது.

பழங்காநத்தத்தில் ஒரு சந்துக்குள் லைன் வீடு எங்களுடையது. ஐந்து குடித்தனம், ஒரு குழாய். நான் ஜவுளிக்கடையில் வேலை, என் வீட்டுக்காரர் பைக் மெக்கானிக். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாடகை எங்கள் கைக்கு அடங்கித்தான் இருந்தது. ஏன் அடங்கியிருந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

எங்கள் சந்து பிறவியிலேயே ஒடுக்கம் இல்லை. ரோடு போட வருகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே போட்டுவிட்டுப் போவார்கள். தெரு உயரும், வீடு பள்ளமாகும். மழைத்தண்ணி உள்ளே வராமலிருக்க எல்லாரும் வாசலை உயர்த்துவோம். உயர்த்திய வாசலுக்குப் படி வேண்டும், படி எங்கே போகும், தெருவுக்குள்தான் வரும். இரண்டு பக்கமும் இப்படியே வந்து, கடைசியில் ஒரு பைக் போனால் எதிரில் வருகிற ஆள் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்க வேண்டியதாயிற்று.

ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. ஆட்டோ சந்து முனையிலேயே நின்றுவிட்டது. தெரு இளவட்டங்கள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். பாதி வழியில் நாற்காலிக் கால் படியில் மாட்டிக்கொண்டது. அதை எடுப்பதற்குள் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். மீதியைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு திரும்பியதும், தெருவுக்குள் நீண்ட படிகளை இடிக்கச் சொல்லி நான் வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். கெஞ்சினேன், சில இடத்தில் வாய்ச்சண்டையும் போட்டேன். எங்கள் லைன் வீட்டுப் படிதான் முதலில் உடைந்தது. அசையாமல் இருந்தது எதிர்வீட்டு மதினி மட்டும்தான். சொந்த வீடு, தனி ஆள், இரண்டு முட்டியும் தேய்ந்தவர்.

"படிய எடுத்துட்டா நான் எப்பிடித்தா ஏறுறது? வாசல் அம்புட்டு ஒசரம் கெடக்கு!"

"நான் எதுக்கு மதினி இருக்கேன்? ஒரு சத்தம் குடுங்க, கையப் பிடிச்சு ஏத்தி விடுறேன்."

மறுநாள் அவரே ஆள் வைத்து இடித்துவிட்டார். அதற்கப்புறம் பால் வாங்கிவிட்டு வந்து, "ஏத்தா!" என்று கூப்பிடுவார். நான் மாவுக் கையைக்கூடக் கழுவாமல் ஓடுவேன்.

சந்து அகலமாயிற்று. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்ததென்னவோ உண்மை. முதலில் தண்ணீர் வண்டி வந்தது, பிறகு மணல் லாரி வந்தது, அதன் பின்னாலேயே வீட்டு ஓனர் அண்ணன் வந்தார்.

"தங்கச்சி, உன் புண்ணியத்துல வண்டி உள்ள வருது. முன்ன ஒரு செங்கல்லுகூடத் தலைச்சுமையா வரணும், அதான் கட்டாமக் கெடந்தேன். இப்ப இடிச்சிட்டு அடுக்குமாடி கட்டலாம்னு இருக்கேன். வேற வீடு பாத்துக்கங்கம்மா."

மனுஷன் நல்லவர். அதனால் திட்டவும் முடியவில்லை. லாரி நுழையாததால்தான் எங்களை யாரும் கிளப்பவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் நான் செய்தது தப்பு என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். இன்னொரு தடவை என் வீட்டுக்காரரை நாற்காலியில் தூக்க என்னால் ஆகாது.

வேலை முடிந்ததும் வீடு பார்க்கக் கிளம்பினோம். அக்கம்பக்கத்தில் வாடகை கேட்டாலே எனக்கு மயக்கம் வந்தது. ஓரிடத்தில், "நீங்க என்ன ஆளுக?" என்றார்கள். இன்னோரிடத்தில் என் வீட்டுக்காரர் மாத்திரை விழுங்கியதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். கடைசியில் திருப்பரங்குன்றம் தாண்டி, வயலை மட்டம் தட்டிப் பிளாட் போட்ட இடத்தில் ஒன்று அமைந்தது. தெரு அத்தனை அகலம். எதிர்வீடு இருக்க வேண்டிய இடத்தில் கல் மட்டும் நட்டிருந்தது. இங்கே ஆம்புலன்ஸ் தாராளமாக வரும். அது வரும்வரை கூட நிற்க ஒரு ஆள் இல்லையே என்று எனக்குப் பயமாக இருந்தது.

காலி பண்ணுகிற அன்றைக்குக் குட்டியானை வண்டி வாசல் வரைக்கும் வந்து நின்றது. "சந்துன்னீங்க, அக்கா? நல்லா வருதே!" என்றான் டிரைவர். அவன் வாயை அடைக்கலாம் போல இருந்தது.

பீரோவை ஏற்றும்போது மதினி தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அழுதுவிடக் கூடாது என்று நான் வேகமாகப் பேசினேன்.

"போயிட்டு வாரேன், மதினி. உடம்பப் பாத்துக்கங்க."

அவர் கீழே தெருவைப் பார்த்தார். பால் தூக்கு கையில்தான் இருந்தது. இன்னும் பால் வாங்கப் போகவில்லை.

"எறங்கிருவேன்த்தா," என்றார். "திரும்பி வந்து யாரக் கூப்புட?"