மூன்று மாதம் கழித்து வந்த மின்னூல்

குழந்தை பிறந்த பிறகு நான் அச்சுப் புத்தகம் படிப்பதையே விட்டுவிட்டேன். மடியில் அவள் தூங்கும்போது பக்கம் திருப்பினால் விழித்துக்கொள்வாள். கைபேசி என்றால் ஒரு கட்டைவிரல் போதும்.

இது தெரிந்தும், வேலை பார்க்கும் பதிப்பகத்தில் வாயைத் திறக்கவில்லை. வாசகர்களின் வாட்ஸ்அப் செய்திகளுக்குப் பதில் சொல்வது என் வேலை. குழந்தைக்காக, தாம்பரம் வீட்டிலிருந்தே செய்ய அனுமதித்திருந்தார் உரிமையாளர். புதிய நாவல் அச்சானதும் போன் செய்தார்.

"ஈபுக்க மூணு மாசம் நிறுத்தி வைம்மா. போன்லயே கெடச்சா எவன் புக்க வாங்குவான்?"

என்னைப் போன்றவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இப்படி வீட்டிலிருந்து வேலை தர வேறு யார் இருக்கிறார்கள்? பேசாமல் தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

"ஈபுக் எப்போ?" என்று தினமும் கேட்டார்கள். எல்லோருக்கும் "விரைவில்" என்று அனுப்பினேன். படப்பையிலிருந்து ஒரு பெண் மட்டும் விடவில்லை.

"மெட்டர்னிட்டி லீவுல இருக்கேன் அக்கா. புக் வாங்கினா என் பொண்ணு அட்டையிலேர்ந்து கடிச்சே முடிச்சிடுவா. ஈபுக் போடுங்களேன்."

'என் மகளும் அப்படித்தான்' என்று தட்டிவிட்டு அழித்தேன். பதிப்பகத்தின் எண்ணிலிருந்து சொந்தக் கதை பேசலாமா? அவளுக்கும் "விரைவில்"தான் போனது.

இரண்டாம் மாதத்தில் கேள்விகள் குறைந்தன. ஒருவர் எங்களுக்கே நாவலின் திருட்டு பிடிஎஃப்பை அனுப்பினார்: "நீங்க சிரமப்படாதீங்க மேடம், யாரோ ஸ்கேன் பண்ணிட்டாங்க."

உரிமையாளருக்கோ மகிழ்ச்சி. "பாத்தியாம்மா, இப்ப யாரும் கேக்கறதில்ல. எல்லாரும் புக்க வாங்கிட்டாங்க."

புத்தகம் அனுப்பிய பார்சல் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். கேட்டவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. நான் சரியாகத் தேடவில்லையோ என்று மறுநாளும் பார்த்தேன்.

மின்னூல் வெளியானதும் படப்பைப் பெண்ணுக்குத்தான் முதலில் அனுப்பினேன். மாலையில் பதில் வந்தது.

"அய்யோ அக்கா, லீவு முடிஞ்சு ஒரகடத்துல டூட்டிக்குப் போயிட்டேன். வீட்டுக்கு வந்தா தூங்கத்தான் தெம்பு இருக்கு. இப்ப எங்க படிக்கறது?"

அடுத்த முறை உரிமையாளர் கூப்பிட்டபோது, இருந்த தைரியத்தையெல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

"சார், ஈபுக் கேட்டவங்க கடைசி வரைக்கும் அச்சு புக்க வாங்கவே இல்ல சார்."

"அப்ப அவங்க வாங்கற ஆளுங்களே இல்லம்மா. நாம நிறுத்தி வச்சது சரிதான்."

நானும் அந்த ஆட்களில் ஒருத்தி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த நாவலின் தேதியையும், அதிலிருந்து மூன்று மாதம் தள்ளி இன்னொரு தேதியையும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டையும் குறித்துக்கொண்டேன்.