சைவ வீட்டு மீன்கள்

எழுபதுகளின் கடைசியில் நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். தங்கியிருந்தது பக்கத்து ஊரான கோப்பாயில், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் வீட்டில். சுத்த சைவ வீடு. மீன், இறைச்சியைக் குறிக்கும் மச்சம் என்ற சொல்லைக்கூட அங்கே மெதுவாகத்தான் சொல்வார்கள்.

படிப்புக்காக வன்னிக் குளமொன்றிலிருந்து நன்னீர் மட்டிகளைக் கொண்டுவந்து, கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் மணல் பரப்பி விட்டேன். ஓட்டுக்குள் பேசாமல் கிடக்கும் சீவன் என்பதால் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. சிக்கல் பிறகுதான் வந்தது. மட்டி விடும் குஞ்சுகள் தாமாக வளரமாட்டா. ஒரு மீனின் செவுளைக் கவ்விக்கொண்டு, சில வாரம் அங்கேயே ஒட்டியிருந்து உருமாறிய பிறகுதான் உதிர்ந்து மணலில் பிழைக்கும். மீன் கிடைக்காத குஞ்சு செத்துப்போகும்.

"ஐயா, நாலைஞ்சு மீன் வேணும்," என்றேன்.

"என்ரை வளவுக்கை மீனோ?" அவர் சாய்மனைக் கதிரையிலிருந்து எழுந்தே விட்டார்.

"சமைக்க இல்லை ஐயா. மட்டிக் குஞ்சுகளை வளர்க்க."

"மட்டி பெத்த பிள்ளையை மீன் ஏன் வளர்க்குது?"

"மீனுக்குத் தெரியாது ஐயா."

திரும்பக் கதிரையில் சாய்ந்துகொண்டு நிபந்தனை போட்டார்: மீன் உயிரோடு வரவேண்டும், உயிரோடு போகவேண்டும், ஊர் அறியக்கூடாது.

அதே குளத்து மீன்களை வாளியில் மூடி பஸ்ஸில் கொண்டுவந்தேன். இறங்கும்போது ஒன்று துள்ளி, முன்வீட்டுக்காரரின் காலடியில் விழுந்தது. அவர் கோயில் சபைத் தலைவர். பொழுதுபடுமுன் ஊர் வாயில் எங்கள் வீட்டு மீன்குழம்பு கொதித்தது.

மானம் போகிறதென்று வீட்டுக்காரர் மறுநாளே அயலவர்களை அழைத்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசித் தொட்டியருகே நின்றார்.

"வடிவாய்ப் பாருங்கோ, எல்லாம் உயிரோடை நிக்குது. செவுளுக்கை இருக்கிறது மட்டியின்ரை பிள்ளையள். இது படிப்பு!"

கண்ணுக்குத் தெரியாத பிள்ளைகளை எல்லோரும் பார்த்துத் தலையாட்டினார்கள். சபைத் தலைவர், தாய்ச் சாடை தெரிகிறது என்றார்.

சில வாரத்தில் மணலை அள்ளி உருப்பெருக்கியில் பார்த்தேன். மணல்மணி அளவில் சின்னஞ்சிறு மட்டிகள் ஓடு திறந்து கால் நீட்டின. எனக்குக் கண் கலங்கியது. வீட்டுக்காரரும் குனிந்து பார்த்தார். அன்றிலிருந்து "எங்கடை மட்டி" என்றே கதைத்தார்.

மீன்களைத் திருப்பி விடப் புறப்பட்ட காலையில் சபைத் தலைவர் எங்கள் வாசல் படலையடிக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, வேலை முடிஞ்ச மீனை ஏன் வீணாக் குளத்திலை விடுறியள்? எங்கடை பின்படலை திறந்துதான் கிடக்கு."

பஸ் வருகிறதென்று சொல்லி நடந்துவிட்டேன். பின்னேரம் மீன்கள் குளத்தில் இருந்தன.