ஆனைக்குட்டம் போன ஞாயிற்றுக்கிழமை

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட என் வீட்டுக்காரரை, மதுரையில் ஆபரேஷன் முடித்துச் சிவகாசிக்குக் கூட்டிவந்தோம். பார்த்தவர்களெல்லாம் ஆளுக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். நடந்தார், பேசினார், மீசையைக்கூடத் தானே ஒதுக்கிக்கொண்டார். சற்று முன் நடந்தது மட்டும் நினைவில் நிற்காது. கோபம் வந்தால் தட்டு பறக்கும். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார். நலம் விசாரிக்க வந்த வீட்டு ஓனரம்மாவிடம், "எப்ப எந்திரிச்சுப் போவீக?" என்று கேட்டார். அந்த அம்மா பாதிக் காபியை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கொழுந்தன் அவ்வப்போது ஆப்பிளோடு வந்து கொஞ்ச நேரம் உட்காருவார். அந்த நேரம் பார்த்து இவர் தங்கமாக இருப்பார். "அண்ணன் நல்லாத்தான இருக்காரு மதினி. நீங்கதான் பெருசு பண்றீக" என்று சொல்லிவிட்டுப் போவார் கொழுந்தன்.

பட்டாசு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்த நான், இவருக்கு அடிபட்டதும் நின்றுவிட்டேன். வேனில் என்னோடு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா ஒருவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். வருகிறவர்கள் எல்லோரும் இவரைத்தான் விசாரிப்பார்கள். அக்கா என்னைப் பார்த்து, "நீ தலை சீவி எம்புட்டு நாளாச்சு?" என்றார். யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை நாங்கல்லாம் ஆனைக்குட்டம் அணைக்குப் போறோம். நீயும் வா."

"இவரை யாருக்கா பாப்பா?"

"ஏன், கூடப்பொறந்தவரு இல்லையா?" என்றவர், அங்கேயே நின்று கொழுந்தனுக்குப் போன் போட்டார்.

ஞாயிறு காலை கொழுந்தன் வந்தார். "நிம்மதியாப் போய்ட்டு வாங்க மதினி. இதுல என்ன இருக்கு" என்று அனுப்பிவைத்தார்.

அணையில் நல்ல தண்ணீர். கரையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டோம். ஒருத்தி தன் மாமியாரைப் போலவே நடந்து காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு மரத்தடியில் படுத்து அப்படியே தூங்கிவிட்டேன். யாரும் எழுப்பவில்லை.

பொழுது சாய வீட்டுக்குத் திரும்பினால், கொழுந்தன் வாசற்படியில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். இவர் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் சாப்பிட்டீகளா?" என்று இவரிடம் கேட்டேன்.

"யாரு போட்டா?" என்றார்.

"நல்லாச் சாப்பிட்டாரு மதினி" என்றார் கொழுந்தன். "கைகழுவிட்டு வந்து இன்னும் சோறு போடலையாங்குறாரு. சொன்னா நம்பலை. பக்கத்து வீட்டுல போய், தம்பி என்னையப் பட்டினி போடுறான்னு சொல்லிட்டாரு. அவுக என்னைய ஒரு மாதிரிப் பாக்குறாக." செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். "தெனமும் இப்படித்தானா?"

"இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லை போல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கிளம்பும்போது, "அடுத்த ஞாயிறும் வாறேன் மதினி. எங்கயாவது போங்க. இல்லைன்னா படுத்துத் தூங்குங்க" என்றார்.

சொன்னபடி வந்தார். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் இவர் கண்முன்னால் வைத்திருந்தால், சாப்பிட்டுவிட்டோம் என்று நம்பிவிடுகிறார். அதைக் கண்டுபிடித்தது கொழுந்தன்தான். இப்போது வாரத்தில் பாதி நாள் அவரும் அவர் மனைவியும் மாறி மாறி இவரைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த நாட்களில் நான் கம்பெனி வேனில் ஏறிவிடுகிறேன்.

முந்தின நாள்தான் கொழுந்தன் வந்துபோயிருப்பார். இருந்தாலும் தம்பியைப் பார்த்ததும் இவர், "என்னலே, ஒரு மாசமா ஆளையே காணோம்" என்பார். முன்பெல்லாம் கொழுந்தன் மல்லுக்கு நிற்பார். இப்போது, "வேலையாப் போச்சுண்ணே. இன்னைக்குப் பூரா இங்கனதான்" என்று சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்.